எம்.ஏ. படித்த ஆயில்

மகளுக்கு ப்ளஸ் டூ பரீட்சை. அன்றைக்குக் கணக்குப் பதிவியல். பத்து மணிக்கு ஹாலில் இருக்க வேண்டும். "ஆட்டோவெல்லாம் எதுக்கு? நானே கொண்டுபோய் விடறேன்" என்று வீராப்பாக பைக்கை எடுத்தேன். வடபழனி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. கோடம்பாக்கம் பாலத்தில் ஏறும்போதுதான் வந்தது வினை.

ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் காது கிழிய அலறுகிறது. வண்டி நகர மாட்டேன் என்கிறது. இன்னும் முறுக்கினேன். சத்தம் கூடியது, வேகம் குறைந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹார்னிலேயே என் பரம்பரையை விசாரித்தார்.

"அப்பா... மணி ஒன்பது இருபத்தஞ்சுப்பா."

அவள் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. நல்ல காலம், காலி ஆட்டோ ஒன்று வந்தது. அவளை ஏற்றி அனுப்பிவிட்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போனேன். இருபது வருடமாக என் வண்டிகளுக்கு அவர்தான் டாக்டர். ஆயில் கேஜை உருவி, இரண்டு விரலுக்கு நடுவே எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன ஆயில் சார் ஊத்துனீங்க?"

பெருமையாகச் சொன்னேன். கார் வைத்திருக்கும் மச்சான் வீட்டில் ஒரு டப்பா மிச்சம் இருந்தது. விலை உயர்ந்த சரக்கு. வழக்கமாக என் பைக்குக்குப் போடும் ஆயிலைப் போல மூன்று மடங்கு விலை. போன மாதம் நானே மாற்றினேன்.

"விலை ஜாஸ்தின்னா நல்லதுதானே அண்ணே?"

"நல்ல ஆயில்தான் சார். காருக்கு!"

கிளட்சைப் பிரித்தார். "பிளேட்டு ஏற்கெனவே பாதி தேய்ஞ்சு இருந்திருக்கு. மீதியை உங்க ஆயில் பார்த்துக்கிச்சு" என்றார். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க சார். நீங்கதான் பத்திரிகைக்காரராச்சே."

படித்தேன். எஸ்.ஏ.ஈ. 10டபிள்யூ-30. அதற்குக் கீழே ஏ.பி.ஐ. எஸ்.எல். அதற்கும் கீழே ஜாஸோ எம்.ஏ.

நான் வெறும் பி.காம். ஆயில், எம்.ஏ.! என்னைவிட ஒரு டிகிரி கூட.

வெட்கம் தாளாமல் அந்த மூன்று வரிகளுக்கும் அர்த்தம் தேடப் போனேன். கிடைத்தது நூற்றைம்பது வருட சரித்திரம். ஒரு வரி விடாமல் எல்லாமே யாரோ எங்கேயோ பட்டுத் தெரிந்துகொண்டது. நான் கோடம்பாக்கம் பாலத்தில் பட்டது உட்பட.

*

ஆரம்பத்திலிருந்து வருவோம். இரும்பும் இரும்பும் உரசினால் தேயும், சூடாகும், கடைசியில் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு நின்றுவிடும். நடுவில் ஏதாவது வழவழப்பாக இருக்க வேண்டும். மாட்டு வண்டி அச்சுக்கு நம் தாத்தாக்கள் மசகு போட்டார்கள் இல்லையா? அதே சமாசாரம்தான். மேல்நாட்டில் நீராவி இன்ஜின்கள் வந்தபோது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, திமிங்கில எண்ணெய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றினார்கள். நீராவிச் சூட்டில் கொழுப்பு கெட்டுப்போய்ப் பிசினாக ஒட்டிக்கொண்டது. வால்வுகள் அடைத்துக்கொண்டன.

1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் என்பவர் கிணறு தோண்டிப் பெட்ரோலியம் எடுத்தார். அந்தக் கச்சா எண்ணெயில் மருந்துக் குணம் ஏதாவது இருக்குமா என்று ஆராயக் கிளம்பினார் ஒரு டாக்டர். பெயர் ஜான் எல்லிஸ். மருந்துக் குணம் ஒன்றும் பெரிதாக அகப்படவில்லை. ஆனால் இது நன்றாக வழுக்குகிறதே, சூட்டையும் தாங்குகிறதே என்று கண்டுகொண்டார். நோயாளிக்குக் கொடுக்க நினைத்ததை நீராவி இன்ஜினுக்குக் கொடுத்தார். வால்வு அடைப்பு தீர்ந்தது! 1866-ல் அதற்கென்றே கம்பெனி ஆரம்பித்தார். 'வால்வோலின்' என்று இன்றைக்கும் கடையில் விற்கிறதே, அது அந்த டாக்டர் வைத்த பெயர்தான். வால்வுக்கான எண்ணெய்.

ஆக, பெட்ரோலிய எண்ணெய் ஜெயித்துவிட்டதா? பொறுங்கள். நடுவில் நம் வீட்டு எண்ணெய் ஒன்று வந்து ஆட்டத்தைக் கலைத்தது.

விளக்கெண்ணெய்!

நம் ஊரில் அது ஒரு வசவு. 'போடா விளக்கெண்ணெய்' என்றால் உருப்படாதவன் என்று அர்த்தம். வழவழவென்று பேசினால், வெண்டைக்காயில் விளக்கெண்ணெய் விட்ட மாதிரி என்போம். ஆனால் மோட்டார் உலகம் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஒரு காலம் இருந்தது. சார்லஸ் வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் 1899-ல் லண்டனில் எண்ணெய் வியாபாரம் தொடங்கினார். காரும் விமானமும் தலையெடுத்த நேரம். இன்ஜினின் உக்கிரமான சூட்டில் அன்றைய பெட்ரோலிய எண்ணெய்கள் நீர்த்துப் போயின. ஆமணக்கு எண்ணெயைச் சேர்த்தால் அந்தச் சூட்டிலும் பிடித்து நிற்கிறது என்று கண்டார்கள். ஆமணக்கு எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் காஸ்டர் ஆயில். 1909-ல் அவர் தன் புதுச் சரக்குக்கு வைத்த பெயர் காஸ்ட்ரால். ஆமாம், அதே காஸ்ட்ரால்தான்!

முதல் உலகப் போரில் பறந்த சோப்வித் கேமல் மாதிரியான சண்டை விமானங்களில் ஒரு விநோதமான இன்ஜின் இருந்தது. விசிறியோடு சேர்ந்து இன்ஜினே சுற்றும். பெட்ரோலும் காற்றும் இன்ஜினின் அடிவயிறு வழியாகத்தான் போகும். சாதாரண எண்ணெயாக இருந்தால் பெட்ரோலில் கரைந்து போயிருக்கும். விளக்கெண்ணெய் லேசில் கரையாது. அதனால் அதைத்தான் ஊற்றினார்கள். எரிந்தது போக மீதி அப்படியே வெளியே பீய்ச்சி அடிக்கும், விமானி முகத்திலும்தான். பறந்து இறங்கியதும் விமானிகள் எங்கே ஓடினார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். சின்ன வயதில் பாட்டி மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போர்க்காலத்தில் ஆமணக்குக்கு ஏகக் கிராக்கி. அமெரிக்க அரசு இந்தியாவிலிருந்து விதை வரவழைத்து, ஃப்ளோரிடா போன்ற தென் மாநிலங்களில் பயிரிடச் செய்தது. வரப்பு ஓரத்தில் நாம் போகிற போக்கில் ஊன்றுகிற செடி! இன்றைக்கும் உலகத்திலேயே ஆமணக்கு அதிகமாக விளைவது இந்தியாவில்தான், அதிலும் குஜராத்தில்.

மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களும் இந்த எண்ணெய்க்கு அடிமை. ஐல் ஆஃப் மேன் தீவில் 1907-ல் தொடங்கிய டி.டி. பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எரிந்த விளக்கெண்ணெயின் வாசனைதான் பந்தயத்தின் வாசனை என்று உருகுகிற கிழவர்கள் அங்கே உண்டு. ஆனால் அதில் ஒரு கெட்ட குணம். நாள்பட்டால் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். பந்தயம் முடிந்ததும் வடித்துவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தினசரி ஆபீஸ் போகிறவனுக்குக் கட்டுப்படியாகுமா? கடைசியில் ரோட்டு வண்டிகளைப் பெட்ரோலிய எண்ணெயே பிடித்துக்கொண்டது.

அந்தக் கால பைக் ஓட்டிகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் சின்னதாக ஒரு கைப் பம்பு. சில மைலுக்கு ஒரு தரம் அதை அழுத்தி இன்ஜினுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும். அதிகமாக அழுத்தினால் ரோடு முழுக்கப் புகை. மறந்துவிட்டால் பிஸ்டன் பற்றிக்கொண்டு இன்ஜின் காலி. நாம் ஓட்டிக்கொண்டே செல்போன் பார்க்கிறோம், அவர்கள் ஓட்டிக்கொண்டே எண்ணெய் அடித்தார்கள்!

*

இப்போது டப்பாவின் முதல் வரிக்கு வரலாம். எஸ்.ஏ.ஈ. என்பது அமெரிக்காவில் 1905-ல் மோட்டார் இன்ஜினீயர்கள் சேர்ந்து அமைத்த சங்கம். தொடக்க நிர்வாகிகளில் ஹென்றி ஃபோர்டும் ஒருவர். அந்த நாளில் எண்ணெய்க் கடைக்குப் போனால் 'லைட்', 'மீடியம்', 'ஹெவி' என்றுதான் இருக்கும். ஒரு கம்பெனியின் 'லைட்' இன்னொரு கம்பெனியின் 'மீடிய'மாக இருக்கும். நம் ஹோட்டல்களில் 'மீடியம் காரம்' சொல்கிற மாதிரி. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டி, 1911-ல் எஸ்.ஏ.ஈ. எண் கொடுத்தது. எண் கூடினால் எண்ணெய் கெட்டி. எண் குறைந்தால் நீர்த்தது. அவ்வளவுதான். நல்லது, கெட்டது என்று அந்த எண் எதையும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு தொல்லை. குளிர் தேசத்தில் எண்ணெய் உறைகிறது. மார்கழி மாதம் பாத்ரூமில் இருக்கிற தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி. காலையில் இன்ஜின் சுற்றவே சுற்றாது. குளிருக்கு நீர்த்த எண்ணெய் ஊற்றினால், ஓடிச் சூடானதும் தண்ணீராகிவிடுகிறது. ஆக, குளிர்காலத்துக்கு ஓர் எண்ணெய், கோடைக்கு ஓர் எண்ணெய் என்று மாற்றி மாற்றி ஊற்றினார்கள். 1950களில் இதற்கு வழி பிறந்தது. சூடு ஏறும்போது விரிந்து கொடுக்கிற பாலிமர் சங்கிலிகளை எண்ணெயில் கலந்தார்கள். குளிரில் அவை சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து, எண்ணெய் ரொம்பவும் நீர்த்துப் போகாமல் தாங்கும். ஒரே எண்ணெய்க்கு இரண்டு எண். இதுதான் மல்டிகிரேட்.

டபிள்யூ என்றால் 'வெயிட்' என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை, 'விண்டர்'. குளிர்காலம். 10டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரியில் இன்ஜினைச் சுற்றவிடுமா என்று சோதித்தது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15-ல். பின்னால் வரும் 30, 40, 50 எல்லாம் 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு.

'நம்ம ஊர்ல ஏதுங்க மைனஸ் 25?' என்பீர்கள். நியாயம். ஆனால் முன் எண் நமக்கும் ஒரு சேதி சொல்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் எல்லாம் கீழே இறங்கிக் கிடக்கும். காலையில் செல்ஃப் அடித்ததும் அது மேலே ஏறிப்போய்ச் சேரவேண்டும். அதுவரை இரும்பும் இரும்பும்தான். நீர்த்த எண்ணெய் சீக்கிரம் போய்ச் சேரும். மைலேஜும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அதற்காக எல்லா வண்டிக்கும் நீர்த்ததே போதும் என்றும் சொல்ல முடியாது. உள்ளே பாகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, எண்ணெய்ப் பம்பு எப்படி என்று பார்த்துத்தான் வண்டி செய்தவர்கள் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 20டபிள்யூ-50 கேட்கிற இன்ஜினில் 10டபிள்யூ-30 ஊற்றுவது, ஒன்பதாம் நம்பர் காலுக்கு ஏழாம் நம்பர் செருப்பு வாங்குகிற கதை. செருப்பு என்ன விலை என்பது பிரச்னையே இல்லை.

*

இரண்டாவது வரி, ஏ.பி.ஐ. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட். எண்ணெய் கெட்டியா, நீர்த்ததா என்று எஸ்.ஏ.ஈ. சொல்லிவிட்டது. அது இன்ஜினைச் சுத்தமாக வைக்குமா, தேய்மானத்தைத் தடுக்குமா என்று யார் சொல்வது? 1947-ல் இவர்கள் முதல் தடவையாக 'ரெகுலர்', 'பிரீமியம்', 'ஹெவி டியூட்டி' என்று பிரித்தார்கள். போதவில்லை. 1970 வாக்கில் எழுத்து முறை வந்தது. பெட்ரோல் இன்ஜின்களுக்கு எஸ் என்று தொடங்கும். கூடவே ஏ, பி, சி, டி என்று வரிசை. எஸ்.ஏ. என்றால் எந்த மருந்தும் கலக்காத வெறும் எண்ணெய். 1930க்குப் பிறகு வந்த பெரும்பாலான இன்ஜின்களுக்கே அது லாயக்கில்லை என்று ஏ.பி.ஐ.யே சொல்கிறது. எழுத்து முன்னேற முன்னேற எண்ணெய் புதுசு. 1996-ல் எஸ்.ஜே., 2001-ல் எஸ்.எல்., 2010-ல் எஸ்.என்., 2020-ல் எஸ்.பி. நடுவில் சில எழுத்துகளைத் தாண்டிவிட்டார்கள்.

அப்படியானால் கடைசி எழுத்தாகப் பார்த்து வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கேதான் பாலத்தில் நின்றேன்.

அதைப் புரிந்துகொள்ள, ஜப்பானுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1958. ஹோண்டா கம்பெனி சூப்பர் கப் என்ற 49 சி.சி. வண்டியை வெளியிட்டது. சொய்ச்சிரோ ஹோண்டாவின் கூட்டாளி ஃபுஜிசாவா போட்ட நிபந்தனை என்ன தெரியுமா? நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்ட முடிய வேண்டும்! சின்ன வண்டி, சின்ன இன்ஜின். இடத்தை மிச்சம் பிடிக்க இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றையும் ஒரே கூட்டுக்குள் வைத்தார்கள். மூன்றுக்கும் ஒரே எண்ணெய். 2017-க்குள் இந்த வண்டி குடும்பம் 10 கோடியைத் தாண்டியது. நம் ஊருக்கு 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100, பின்னால் வந்த ஸ்ப்ளெண்டர் எல்லாம் அந்தப் பரம்பரைதான். 'பெட்ரோல் போடு, மூடு, மற' என்ற அர்த்தத்தில் வந்த அந்த விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? ஜனங்கள் அதைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பி, ஆயிலையும் மறந்தார்கள்.

பழைய வண்டிகள் இப்படி இல்லை. 1950களில் மெட்ராஸ் திருவொற்றியூரில் தயாராக ஆரம்பித்த புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புல்லட்டில் இன்ஜினுக்குத் தனி எண்ணெய், கியர் பாக்ஸுக்குத் தனி, கிளட்ச் இருக்கிற செயின் கேஸுக்குத் தனி. மூன்று வீடு, மூன்று அடுப்பு. 2008-ஐ ஒட்டி வந்த புது இன்ஜினில்தான் புல்லட் குடும்பமும் ஒரே அடுப்புக்கு மாறியது.

கூட்டுக் குடும்பத்தில் சமைப்பதுதான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியுமே. இன்ஜினுக்கு எண்ணெய் வழுக்க வேண்டும். கியர் பற்கள் அந்த எண்ணெயில் உள்ள பாலிமர் சங்கிலிகளை நறுக்கித் தள்ளும், அதையும் தாங்க வேண்டும். கிளட்ச் பிளேட்டுகளோ அதே எண்ணெயில் ஊறிக்கொண்டே ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும், வழுக்கவே கூடாது! காரில் இந்தத் தலைவலி இல்லை. பெரும்பாலான கார்களில் கிளட்ச் எண்ணெய் படாமல் வெளியே இருக்கிறது, கியர் பாக்ஸுக்குத் தனி எண்ணெய். அதனால் கார் ஆயில் எவ்வளவு வழுக்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

1973-ல் இந்த நிம்மதிக்கு வேட்டு வந்தது. இஸ்ரேல் போரை ஒட்டி அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தரமாட்டோம் என்றன. விலை எகிறியது, பெட்ரோல் பங்குகளில் மைல்கணக்கில் கியூ. ஆடிப்போன அமெரிக்கா 1975-ல் சட்டம் போட்டது. கார் கம்பெனிகள் சராசரி மைலேஜை ஏற்றியே தீரவேண்டும், இல்லாவிட்டால் அபராதம். ஒவ்வொரு சொட்டுக்கும் வழி தேடினார்கள். எண்ணெயை நீர்க்கச் செய்தார்கள். உராய்வைக் குறைக்க மாலிப்டினம் போன்ற மருந்துகளைக் கலந்தார்கள். டப்பாவில் 'எனர்ஜி கன்சர்விங்' என்று பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். காருக்கு மைலேஜ் கிடைத்தது. இன்னொரு பக்கம், காரின் புகைக் குழாயில் வைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரை பாஸ்பரஸ் கெடுக்கிறது என்று அதையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். தேய்மானத்தைத் தடுக்கிற மருந்தில் இருப்பது அந்த பாஸ்பரஸ்தான்.

அதுவரை பைக்காரர்களும் கடையில் கிடைத்த கார் ஆயிலையே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எள்ளோடு சேர்ந்து எலிப்புழுக்கையும் காய்ந்தது. கார்களுக்காக வழுக்கிய எண்ணெயில் பைக் கிளட்சுகளும் வழுக்க ஆரம்பித்தன. ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாசாகி என்று பைக் உலகின் நாலு ஜாம்பவான்கள் இருக்கிற ஜப்பானில்தான் முடிவு கட்டினார்கள். அங்கத்திய மோட்டார் தர நிர்ணய அமைப்பான ஜாஸோ, 1998-ல் பைக் ஆயிலுக்கென்றே தனித் தரம் கொண்டுவந்தது. கிளட்ச் பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைத்து, அழுத்தி, பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று இயந்திரத்தில் அளந்து பார்த்தார்கள். நன்றாகப் பிடித்தால் எம்.ஏ. வழுக்கினால் எம்.பி. 2006-ல் எம்.ஏ.வையும் எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள். இதில் 2 இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

எம்.பி. என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் எண்ணெயில் ஊறுவதில்லை. அதற்கு வழுக்குகிற எம்.பி. மைலேஜுக்கு நல்லது. ஒரே வீட்டில் அப்பாவின் பைக்குக்கு எம்.ஏ., அம்மாவின் ஸ்கூட்டருக்கு எம்.பி. மாற்றி ஊற்றினால்தான் வம்பு.

ஆக, 1973-ல் அரபு நாடுகள் குழாயை மூடியதற்கும், நான் கோடம்பாக்கம் பாலத்தில் நின்றதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. எல்லா கார் ஆயிலும் இப்படிச் செய்யும் என்றில்லை. சின்தெடிக் என்பதும் குற்றமில்லை, எம்.ஏ.2 வாங்கிய சின்தெடிக் எத்தனையோ உண்டு. மச்சானின் டப்பாவில் ஜாஸோ என்ற பேச்சே இல்லை. நான் பார்த்தது விலையை மட்டும்.

*

கிளட்ச் போனால் நம் பர்ஸோடு போயிற்று. தப்பான எண்ணெயால் ஊர் நெஞ்சே கெட்ட கதையும் உண்டு. டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஞாபகம் இருக்கிறதா? ஜாவா, ராஜ்தூத், ஸ்கூட்டர், ஆட்டோ... பங்கில் பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலந்து ஊற்றி, வண்டியை இடதும் வலதுமாக ஆட்டிவிட்டுக் கிளம்புவோம். இந்த எண்ணெய் இன்ஜினுக்குள் தங்காது. பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து வெளியே போய்விடும். யமஹா 1964-லேயே தேவையான அளவை மட்டும் தானாக ஊற்றுகிற ஆட்டோலூப் பம்பைக் கொண்டுவந்துவிட்டது. நம் ஊர் ஆர்.எக்ஸ்.100-ல் அது இருந்தது. மற்ற வண்டிக்காரர்கள் பாடு கையளவுதான். 'கூடக் கொஞ்சம் ஊத்துப்பா, இன்ஜினுக்கு நல்லது' என்று நாமும் சொல்வோம். லூஸில் விற்ற எண்ணெய் என்ன சரக்கு என்பது ஊற்றுகிறவனுக்கே தெரியாது. நம்முடைய அந்த 'கூடக் கொஞ்சம்'தான் பின்னால் நின்ற பிள்ளைகள் மூக்கில் நீலப் புகையாக ஏறியது.

ஜாஸோ 1994-ல் 2டி ஆயிலுக்கும் தரம் பிரித்து, குறைந்த புகைக்கு எஃப்.சி. என்று எழுத்துக் கொடுத்தது. இங்கே சுப்ரீம் கோர்ட்டே இறங்கி வரவேண்டியிருந்தது. 1998 ஜூலையில் டெல்லி காற்று மாசு வழக்கில், அந்த வருடக் கடைசிக்குள் லூஸ் 2டி ஆயில் விற்பனையை நிறுத்த வேண்டும், பங்குகளில் அளவோடு கலந்தே தரவேண்டும் என்று உத்தரவு போட்டது. ஒரு கிண்ணம் எண்ணெய், நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது!

*

இவ்வளவு சரித்திரம் படித்த பிறகு நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், ரொம்பச் சின்ன விஷயம்தான். பீரோவின் அடியில், கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கீழே கிடந்த வண்டியின் மேனுவலை எடுத்தேன். அதில் ஒரே பக்கத்தில் எல்லாம் இருந்தது. எஸ்.ஏ.ஈ. எண், ஏ.பி.ஐ. எழுத்து, ஜாஸோ எழுத்து, எத்தனை மில்லி, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை. அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். கடையில் அதைக் காட்டி, டப்பாவில் மூன்று வரியும் பொருந்துகிறதா என்று பார்க்கிறேன். முறைப்படி ஜாஸோவில் பதிவு செய்த ஆயில் என்றால் ஒரு கட்டத்துக்குள் எம்.ஏ. என்ற எழுத்தும், அதன் மேலே குறியீட்டு எண்ணும் இருக்கும். சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். காலி டப்பாவை ஒரு ஓட்டை போட்டுத்தான் குப்பையில் போடுவேன். யாரோ அதில் கழிவு எண்ணெயை நிரப்பி, வேறொரு அப்பனுக்கு விற்கக்கூடாதே. பழைய ஆயிலை மெக்கானிக் டிரம்மில் ஊற்றிவிடுவேன், சாக்கடையில் இல்லை.

பி.காம்.காரனாக ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். என் பைக்குக்கு ஒரு லிட்டர் ஆயில்கூட முழுசாகத் தேவையில்லை. சரியான ஆயிலின் விலை, மச்சான் வீட்டு ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு. அன்றைக்கு கிளட்ச் செட், லேபர், ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவில் சில வருடத்துக்கு ஆயில் மாற்றியிருக்கலாம். ஓசியில் வந்த ஆயிலுக்கு இவ்வளவு செலவு!

பரீட்சையைச் சொல்ல மறந்துவிட்டேனே. பத்து நிமிடம் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டாள். கணக்குப் பதிவியலில் நல்ல மார்க். இப்போது அவளும் பி.காம். படிக்கிறாள். அந்த ஆட்டோக்காரர் மட்டும் மீட்டருக்கு மேலே ஒரு பைசா கேட்கவில்லையாம். அவர் என்ன ஆயில் போடுகிறார் என்று கேட்டு வைத்திருக்கலாம்.